திருடப்படும் மூன்றாவது எட்டு மணி நேரம்

2025 ஜனவரி இறுதியில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, இந்திய இளைஞரின் மனநலம் குறித்துப் பெரிதும் கவலைப்பட்டது. ஓய்வு நேரத்தைச் சமூக ஊடகங்களில் கழிப்போர், உடற்பயிற்சி இல்லாதோர், குடும்பத்தாரோடு நெருக்கம் இல்லாதோர் ஆகியோரின் மனநலம் குன்றியிருப்பதாக அது கூறியது. செல்பேசியோடு வளரும் தலைமுறையின் பதற்றம் குறித்து அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் எழுதிய நூலையும் துணைக்கு அழைத்தது. நீண்ட நேரம் மேசையிலேயே அமர்ந்து வேலை செய்வதும் மனத்திற்குக் கேடு என்று ஒப்புக்கொண்டது. இவ்வளவும் சரியே. ஆனால் அதே அறிக்கையின் வேறோர் இயலைப் புரட்டினால், தொழிற்சாலைகளின் வேலைநேர வரம்புகளைத் தளர்த்த வேண்டும் என்ற வாதம் அங்கே காத்திருக்கிறது. ஓரிடத்தில் தொழிலாளியின் மனம் வாடுகிறதே என்ற கண்ணீர். மற்றோரிடத்தில் அவனுடைய நேரத்தை இன்னும் அள்ளிக்கொள்ள முதலாளிக்கு அனுமதி.

அதே ஜனவரியில்தான் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் வாரத்திற்கு 90 மணி நேர உழைப்பைப் பரிந்துரைத்த பேச்சு வெளிவந்தது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்று அவர் தம் ஊழியர்களைக் கேட்டார். இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரிலேயே 70 மணி நேரம் கேட்டுவிட்டார். 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 9 மணி நேரமாக இருந்த வரம்பை 12 ஆக உயர்த்தவும், காலாண்டுக்கு 115 மணி நேரமாக இருந்த மிகைநேர வேலை வரம்பை 144 ஆக்கவும் ஒப்புதல் தந்தது.

சமூக ஊடகமும் மனநலமும் என்ற பொருளை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே நமக்குரிய முறை. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கே நமக்கு: 19-ஆம் நூற்றாண்டின் தொழிலாளர் இயக்கம் வகுத்த கணக்கு இது. 1886-இல் சிகாகோவில் இதற்காகத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்தினர். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியதும் இந்த மரபின் தொடர்ச்சியே. அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை ஒருபுறம் ஆலை முதலாளி வேலைநேர நீட்டிப்பால் அரிக்கிறான். எஞ்சியதை மறுபுறம் சமூக ஊடக ஏகபோகம் கவர்ந்துகொள்கிறது. இரண்டாவது எட்டான உறக்கமும் இப்போது அதன் கைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மனநலக் கேட்டின் வேர் இங்கே இருக்கிறது. இதைத் தனிமனித ஒழுக்கக் குறைவாகவும் பெற்றோரின் கவனக்குறைவாகவும் சுருக்குகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, மூலதனத்தின் வழக்கறிஞர்களாகிறார்கள்.

ஆகுர்டியின் அறைகளில்

இக்கட்டுரை எழுதப்படும் ஆகுர்டி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியின் நடுவில் உள்ளது. 1960களில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் இப்பகுதியில் நிலம் எடுத்து ஆலைகளைக் கொண்டுவந்தது. பஜாஜ் ஆட்டோவின் ஸ்கூட்டர்கள் ஆகுர்டியின் பெயரை நாடெங்கும் பரப்பின. அந்த ஆலையில் 2007-இல் வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. உற்பத்தியின் மையம் சாகன் போன்ற புதிய தொழிற்பேட்டைகளுக்கு நகர்ந்தது. நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும், பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த ஊதியத்துக்கு உழைப்பவரும் வந்தனர். சற்றுத் தொலைவில் ஹிஞ்சேவாடியின் மென்பொருள் வளாகங்கள் எழுந்தன. அவற்றின் ஊழியர்களுக்கு இரவும் பகலும் உணவு சுமந்து செல்லும் இளைஞர் பட்டாளம் ஒன்றும் உருவானது.

பழைய ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கை சொர்க்கமாக இருக்கவில்லை. எனினும் அவனுக்கு வாயிற்கூட்டம் இருந்தது, சங்க அலுவலகம் இருந்தது, பக்கத்து இயந்திரத்தில் இருபது ஆண்டு நின்ற ஒரு தோழன் இருந்தான். இன்றைய ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரரின் பெயர் மாறுகிறது, ஆலை மாறுகிறது, ஷிப்டு மாறுகிறது. ஓர் அறையில் ஐந்தாறு பேர் தங்குகிறார்கள். ஷிப்டு வேறுபடுவதால் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்குகிறார். திருநெல்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்தவருக்கு மராத்தி புரிவதில்லை. உடன் தங்கியிருக்கும் பீகார்க்காரருக்குத் தமிழ் புரிவதில்லை. இந்நிலையில் கைக்குள் இருக்கும் செல்பேசி அவருக்குத் தாயின் முகம், ஊர்ச் செய்தி, பாட்டு, சிரிப்பு எல்லாமாகவும் ஆகிறது. அதைப் பறித்து எறி என்று அவரிடம் சொல்கிறவர் அவருடைய வாழ்க்கையை அறியாதவர்.

தாயோடு பேசிய பத்து நிமிடத்திற்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதுதான் கேள்வி. அடுத்த காணொளி தானாகவே ஓடுகிறது, அதற்கடுத்ததும் ஓடுகிறது. உறங்க வேண்டிய நான்கு மணி நேரம் கரைந்துபோகிறது. மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கும்போது கண் செருகுகிறது. விரல் போனால் அது தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதிக்கொள்ள நிர்வாகம் காத்திருக்கிறது. அவருடைய தனிமையை உருவாக்கியது ஒரு மூலதனம்; அத்தனிமையை விற்றுக் காசாக்குவது இன்னொரு மூலதனம்.

கவனம் சரக்காகும் முறை

இந்த இன்னொரு மூலதனத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். இதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. விளம்பரதாரர் வாங்குவது நம் கண்கள் திரையில் தங்கும் நேரத்தையும், நம் விருப்பு வெறுப்புகள் பற்றிய தகவலையும். பிற துறைகளில் தொழிலாளியிடமிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட உபரி மதிப்பின் ஒரு பங்கு, விற்பனைச் செலவு என்ற கணக்கில் இந்நிறுவனங்களுக்கு வந்து சேர்கிறது. ஆகவே நாம் திரையில் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் அவற்றுக்கு விற்பனைப் பொருள். நாம் நிறைவோடு எழுந்து போய்விட்டால் அவற்றுக்கு இழப்பு.

இதற்கேற்பவே கருவி வடிவமைக்கப்பட்டுள்ளது. புத்தகத்தில் பக்கம் முடியும். நாளிதழில் கடைசிப் பத்தி வரும். கீழே தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், பயனரின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு மிகுதியாக உறிஞ்சலாம் என்ற எண்ணத்தோடுதான் அது கட்டப்பட்டது என்று 2017-இல் ஒப்புக்கொண்டார். மனித உள்ளத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்பதும் அவருடைய வாக்குமூலம்.

நம் உள்ளத்தைத் தம்மால் அசைக்க முடியும் என்பதை இவர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2012 ஜனவரியில் ஒரு வார காலம், 6,89,003 பயனர்களின் திரைகளில் பேஸ்புக் நிறுவனம் மகிழ்ச்சியான பதிவுகளையோ துயரமான பதிவுகளையோ வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது. அப்பயனர்களிடம் தனியாக ஒப்புதல் கேட்கவில்லை. மகிழ்ச்சியான பதிவுகள் குறைந்தபோது அவர்களும் மகிழ்ச்சி குறைந்த சொற்களை எழுதினர். விளைவு சிறிதே என்றாலும் அது அளக்கத்தக்கதாக இருந்தது. 2014-இல் இந்த ஆய்வு வெளியானபோதுதான் உலகுக்கு இது தெரிந்தது.

2021-இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்கள் இன்னும் கடுமையானவை. தம் உடல்தோற்றம் குறித்து ஏற்கெனவே வருந்திய பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்ததாகச் சொன்னார்கள் என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தனர். ஆபத்து தெரிந்திருந்தது, அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது, வியாபாரம் தொடர்ந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் மெட்டா மீது வழக்குத் தொடுத்தன. அவற்றில் பல முதலாளித்துவக் கட்சிகள் ஆளும் மாநிலங்களே என்பதல்ல, எல்லாமே அவ்வாறானவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். கேடு அவர்களாலேயே மறைக்க முடியாத அளவுக்கு முற்றிவிட்டது.

களன் இல்லாத வெகுளி

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள் தொல்லை தருவதுண்டு. இந்நிறுவனங்கள் தம் வெற்றியை அளக்கும் சொல்லை நாம் ‘ஈடுபாடு’ என்று பெயர்த்து வருகிறோம். தமிழில் ஈடுபாடு என்பது மனம் விரும்பித் தோய்தலைக் குறிக்கும் சொல். அன்பினாலும் பக்தியினாலும் கலையினாலும் வருவது. விரல் எத்தனை முறை திரையைத் தொட்டது என்ற கணக்குக்கு அச்சொல்லைக் கொடுத்தது பொருந்தாது. ‘பிடிமானம்’ என்று சொன்னால் ஓரளவு உண்மை விளங்கும்: நாம் அதைப் பிடித்திருக்கவில்லை, அது நம்மைப் பிடித்திருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் எட்டு வகைகளைக் கூறுகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல் ஆகியவை வெகுளிக்குரிய களன்கள். சினம் என்பது கண்முன் நிகழும் கொடுமையிலிருந்து பிறக்கிறது என்பது இதன் பொருள். உலகின் ஒவ்வொரு வேலைநிறுத்தமும் அத்தகைய வெகுளியிலிருந்தே தொடங்கியிருக்கிறது.

பேஸ்புக்கும் 2016-இல் நகை, அழுகை, மருட்கை, வெகுளி முதலியவற்றுக்குச் சிறு முகப்படங்களை வழங்கியது. 2017 முதல் அம்முகப்படம் ஒவ்வொன்றுக்கும் சாதாரண விருப்பக் குறியைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டது. சினமூட்டும் பதிவு அதனால் மேலும் பலர் கண்ணில் பட்டது. சினக்குறி மிகுந்த பதிவுகளில் பொய்யும் நச்சுப் பேச்சும் மிகுந்திருப்பதை நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டறிந்தனர். அக்குறியின் மதிப்பு சுழியாக்கப்பட்டது 2020-இல்தான். அதாவது மூன்றாண்டுக் காலம் வெகுளி ஒரு பயிராகவே விளைவிக்கப்பட்டது. அதற்குக் களன் தேவைப்படவில்லை. திரை போதுமானதாக இருந்தது.

அச்சமும் அவ்வாறே. கள்வரை அச்சத்தின் களன்களில் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். கள்வரே இல்லாத ஊரில் கள்வர் அச்சத்தை உண்டாக்கும் ஆற்றல் வாட்ஸ்அப்புக்கு வாய்த்தது. 2018 ஜூலை 1 அன்று இதே மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், பிள்ளை பிடிப்போர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம், பிச்சை ஏற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவரை அடித்துக் கொன்றது. மனநலம் என்பது தனியொருவரின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை. ஓர் ஊரின் மனமும் நோயுறும். வகுப்புவாத சக்திகள் அந்நோயை நன்கறிந்து பயன்படுத்துகின்றன.

இந்த நச்சைத் துப்புரவு செய்பவர்களையும் மறக்கலாகாது. கொலை, வன்புணர்வு, சித்திரவதைக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து நீக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஐதராபாத்திலும் நைரோபியிலும் அமர்ந்திருக்கிறார்கள். மனம் சிதைந்த அமெரிக்கப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், 2020-இல் பேஸ்புக் 5.2 கோடி டாலர் தர இசைந்தது. இந்தியத் தொழிலாளிக்கு அந்த உடன்பாட்டில் இடமில்லை.

பழியைச் செல்பேசி மீது மட்டும் சுமத்தலாமா?

இவ்வளவையும் கூறிய பின்னர் எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு பிழையையும் மறுக்க வேண்டியிருக்கிறது. எல்லாத் துயருக்கும் செல்பேசியே காரணம் என்ற கூச்சல் ஆளும் வர்க்கத்திற்கு மிகவும் உவப்பானது.

2024 ஜூலையில் ஆகுர்டிக்கு அருகிலுள்ள கிவளேயில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் இணைய விளையாட்டில் மூழ்கியிருந்தான் என்று செய்திகள் கூறின. சில நாட்கள் தொலைக்காட்சிகள் பெற்றோருக்கு அறிவுரை வழங்கின. பிறகு வேறு செய்திக்குப் போய்விட்டன. அப்பிள்ளையின் பள்ளியில் மனநல ஆலோசகர் எத்தனை பேர் இருக்க வேண்டும், இருபது மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் விளையாட்டுத் திடல் எங்கே போயிற்று, அத்தகைய விளையாட்டுகளைக் கண்காணிக்க வேண்டிய அரசு எங்கே இருந்தது என்ற கேள்விகளை அவை எழுப்பவில்லை. ஓர் இளம் உயிரின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

அறிவுலகிலும் இது முடிந்த வழக்கன்று. 2019-இல் ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள், பதின்வயதினரின் மனநல வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாடு விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்று பெருந்தரவுகளைக் கொண்டு கணித்தனர். நிறுவனங்களின் ஆதரவாளர்கள் இந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சராசரி என்பது நலமாக இருப்பவரையும் நொறுங்கிப்போனவரையும் ஒன்றாகக் கூட்டி வகுப்பது என்பதை அவர்கள் சொல்வதில்லை. யார், எவ்வளவு நேரம், எதைப் பார்த்து, எப்படி ஆனார் என்ற துல்லியமான தரவு முழுவதும் நிறுவனங்களின் பெட்டகத்திலேயே உள்ளது என்பதையும் சொல்வதில்லை. ஆயினும் இந்த ஆய்வு நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறது: மனத்துயரின் பெரும்பகுதியைத் தேடத் திரைக்கு அப்பால் போக வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். அவ்வாண்டில் நாட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர். மகாராஷ்டிரம் 22,746 உயிர்களோடு முதலிடத்திலும், தமிழ்நாடு 19,834 உயிர்களோடு இரண்டாம் இடத்திலும் நின்றன. நாடு முழுவதற்குமான கணக்கில் மாணவர் 7.6 விழுக்காடு, தினக்கூலிகள் 26.4 விழுக்காடு. நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி! இவர்களுடைய துயரத்துக்குப் பெயர் கடன், வேலையின்மை, கூலி பாக்கி, நோய். இன்ஸ்டாகிராமை அணைத்துவிடு என்று இவர்களிடம் சொன்னால் கடன்காரன் கதவைத் தட்டுவது நின்றுவிடுமா?

சமூக ஊடகத்தின் இரட்டைத் தன்மைக்கும் புனேயே சான்று தருகிறது. 2024 ஜூலையில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தின் புனே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுக் கணக்காளர் இறந்தார். வேலைச்சுமையே மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் சமூக ஊடகங்களின் வழியாகவே நாட்டை உலுக்கியது. ஒன்றிய அரசு விசாரணை அறிவிக்க நேர்ந்தது. தொழிலாளர் துறை ஆய்வுக்குச் சென்றபோது, அந்த அலுவலகம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவே இல்லாமல் பல ஆண்டுகள் இயங்கியது தெரியவந்தது. சமூக ஊடகம் இல்லாவிட்டால் அத்தாயின் குரல் ஓர் அஞ்சல்பெட்டிக்குள் புதைந்திருக்கும். ஆனால் சில வாரங்களில் அதே திரையில் அடுத்த பரபரப்பு வந்தது. கடிதம் கீழே தள்ளப்பட்டது. குரலை எழுப்ப ஊடகம் போதும். அதைத் தாங்கிப் பிடித்துக் கோரிக்கையாக்கி வெல்லச் சங்கம் வேண்டும். அந்த வளாகங்களில் சங்கம் இல்லை.

தடையா, ஒழுங்குமுறையா?

பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா சட்டத்தால் தடுத்தது. அச்சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கும் அவ்வாறே செய்க என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைகளைக் காக்கும் நோக்கம் நல்லதே. எனினும் வாயிலில் வயதைக் கேட்டுவிட்டு, உள்ளே இயந்திரத்தை அப்படியே ஓடவிடுவது அரைகுறைத் தீர்வு. பதினாறாம் பிறந்தநாளன்று அதே இயந்திரம் அப்பிள்ளையை விழுங்கக் காத்திருக்கும். மேலும், வயதைச் சரிபார்க்கிறோம் என்று ஒவ்வொருவரின் அடையாள ஆவணத்தையும் திரட்ட இன்றைய ஒன்றிய அரசின் கையில் அதிகாரம் கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பதை, விவசாயிகள் போராட்டத்தின்போது சமூக ஊடகக் கணக்குகள் முடக்கப்பட்டதைக் கண்டவர்கள் அறிவார்கள்.

கருவியின் வடிவமைப்பையே சட்டம் தொட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2025-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விதித்தன. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதிகளை உறுதிசெய்தது. மக்களின் உறக்கத்தைக் காக்க அரசு தலையிடலாம் என்ற கொள்கை இதனால் நிலைபெற்றது. பின்னர் ஒன்றியச் சட்டம் பண விளையாட்டுகளையே தடைசெய்துவிட்ட போதிலும், இக்கொள்கையைச் சமூக ஊடகங்களுக்கும் விரிக்க என்ன தடை?

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. விலக்கு அளிக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசிடமே இருக்கிறது. 2020 ஏப்ரலில் பேஸ்புக் நிறுவனம் 43,574 கோடி ரூபாயை அம்பானியின் ஜியோ தளங்களில் முதலிட்டு 9.99 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அந்நிய ஏகபோகமும் உள்நாட்டு ஏகபோகமும் ஒரே கட்டிலில் படுத்திருக்கும்போது, அவர்களின் அரசு தானாக எழுந்து சட்டத்தை அமல்படுத்தும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

சங்கொலியின் பாடம்

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற சிற்றூர் உள்ளது. 2022-இல் அவ்வூர் மக்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். நாள்தோறும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு சங்கு ஒலிக்கும். ஊரே தொலைக்காட்சியையும் செல்பேசியையும் அணைத்துவிடும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். 8.30 மணிக்கு மீண்டும் சங்கொலி.

ஆகுர்டியில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளிகள் கேட்டு வளர்ந்தது ஆலைச் சங்கு. அது நேரத்தை முதலாளிக்கு எழுதிக்கொடுக்கும் ஒலி. வட்காவில் ஒலிப்பது நேரத்தை மக்களுக்கு மீட்டுத் தரும் ஒலி. தனியொரு தாய் தன் மகனிடமிருந்து செல்பேசியைப் பிடுங்கும்போது அது சண்டையாகிறது. ஊரே சேர்ந்து அணைக்கும்போது எவருக்கும் இழப்புணர்வு இல்லை. மனவுறுதி குறைந்தவர்கள் என்று மக்களை ஏசும் நிபுணர்கள் கற்க வேண்டிய பாடம் இது. மனவுறுதி என்பது கூட்டாகவே விளைகிறது. கொடும் பசியிலும் வேலைநிறுத்தத்தைக் கைவிடாத தொழிலாளிக்கு அவ்வுறுதியைத் தந்தது அவனுடைய சங்கமே.

நம் அணிகளுக்குள்

இப்பாடம் முதலில் நமக்கே தேவைப்படுகிறது. கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் கிளைகள் பலவற்றில் கூட்டம் குறைந்து வாட்ஸ்அப் குழு பெருத்துவிட்டது. தலைமையின் அறிக்கை வந்த நொடியில் நாற்பது செங்கொடிப் படங்கள் விழுகின்றன. அறிக்கையை முழுதும் படித்தவர் நால்வர் இருந்தால் வியப்பு. சங்கிகளுக்கு மறுமொழி எழுதுகிறேன் என்று நள்ளிரவு இரண்டு மணி வரை திரையோடு போர் புரியும் இளந்தோழர் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார். அவர் எழுதும் ஒவ்வொரு மறுமொழியும் எதிரியின் பதிவை மேலும் பலர் கண்ணில் பட வைக்கிறது என்ற கணக்கை மேலே கண்டோம். வசைமொழிகளை இரவெல்லாம் படித்த நெஞ்சோடு காலையில் அவர் தெருமுனைக் கூட்டத்துக்கு வருவதில்லை. பல வேளைகளில் படுக்கையை விட்டே எழுவதில்லை. பெண் தோழர்கள் மீது பொழியப்படும் ஆபாச வசவு இன்னும் கொடியது. அவர்களில் சிலர் ஓசையின்றி ஒதுங்கிவிடுகிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு நாம் அவர்கள் வீட்டுக்குப் போகிறோமா, குழுவில் ஒரு கேள்விக்குறி அனுப்புகிறோமா?

அப்படியானால் சமூக ஊடகத்தை எதிரிக்கு விட்டுவிடலாமா என்று தோழர்கள் கேட்பது நியாயமே. விடலாகாது. ஒன்றிய அரசு 2021-இல் தந்த கணக்கின்படியே வாட்ஸ்அப்பில் 53 கோடி இந்தியரும், பேஸ்புக்கில் 41 கோடி இந்தியரும் இருந்தனர். மக்கள் இருக்கும் இடத்தில் கட்சி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது எதிரியின் நிலம், எதிரி வகுத்த விதி என்ற தெளிவோடு இருக்க வேண்டும். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை வெகுமக்கள் ஆதரவாகப் பிழையாகக் கணிப்பவர், தேர்தல் முடிவு நாளன்று அதிர்ச்சியடைகிறார். பத்திரிகையை அமைப்பாளராகக் காணுமாறு லெனின் கற்பித்தார். அதன் பொருள், பத்திரிகையைக் கொண்டு சேர்க்கும் தோழர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார், பேசுகிறார், கேட்கிறார் என்பது. திரையில் பகிரப்படும் இணைப்பு கதவைத் தட்டுவதில்லை.

ஆகவே இணையப் பணியைச் சில தோழர்களின் தலையில் இரவுபகலாகச் சுமத்தாமல், முறை வைத்துப் பகிர்ந்து, நேர வரம்போடு செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்குப் பின் கட்சிக் குழுக்களில் எதையும் பதிவிடுவதில்லை என்ற ஒழுங்கைக் கிளைகள் தாமே விதித்துக்கொள்ளலாம். ஆகுர்டி போன்ற பகுதிகளில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி பத்துப் பேரோடு அமர்ந்து தேநீர் அருந்தவும், நாளிதழ் படிக்கவும், கேரம் ஆடவும் ஓர் அறை வேண்டும். தமிழ்நாட்டின் படிப்பகங்களும் வாசகசாலைகளும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தன. மனம் தளர்ந்த தோழரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கட்சிக் கடமையின் ஒரு பகுதி என்று கருத வேண்டும்; அதைப் பலவீனமென்று நகைப்பது முதலாளித்துவப் பண்பாட்டின் எச்சம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழ் உட்படப் பல மொழிகளில் இரவும் பகலும் இயங்குகிறது. நம் அலுவலகச் சுவர்களில் அது எழுதப்பட்டிருக்கட்டும்.

கோர வேண்டியவை

வெளியே, கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைநாளைக் கரைக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் மகாராஷ்டிரத்தின் 12 மணி நேர ஏற்பாடும் திரும்பப் பெறப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. போராடினால் பெறலாம் என்பதற்கு அது சான்று. வேலை நேரம் முடிந்த பின் மேலாளரின் செய்திக்கு மறுமொழி தராதிருக்கும் உரிமை சட்டமாக வேண்டும். முடிவின்றி ஓடும் திரை, தானாக ஓடும் காணொளி, நள்ளிரவு அறிவிப்புகள் ஆகியவை சிறார் கணக்குகளில் நிறுத்தப்பட வேண்டும். நிறுவனங்கள் தம் உள் ஆய்வுகளைப் பொது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

மனநல மருத்துவம் மக்களுக்கு எட்ட வேண்டும். நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வெவ்வேறு மனநோய்களுக்குச் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. ஒரு இலட்சம் மக்களுக்கு மூன்று மனநல மருத்துவர் இருக்க வேண்டிய நாட்டில் 0.75 என்ற அளவிலேயே இருக்கின்றனர். அரசு மருத்துவமனைகளிலும் அரசுப் பள்ளிகளிலும் நிரந்தரப் பணியிடங்களில் மனநலப் பணியாளர்களை நியமிக்கப் போராடுவது, இனி நம் வெகுமக்கள் அமைப்புகளின் வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது எட்டு மணி நேரத்தை எவரும் நமக்குப் பரிசாகத் தரவில்லை, போராடிப் பெற்றோம். அந்நேரத்தில்தான் தொழிலாளி படித்தார், பிள்ளையோடு விளையாடினார், சங்கம் கட்டினார். அதை மீட்கும் போராட்டம் ஆலை வாயிலிலும் கைத்திரையிலும் ஒருசேர நடக்க வேண்டியிருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள், தோழர்களே. அக்கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரமும் செல்பேசிகள் ஒரு பெட்டிக்குள் இருக்கட்டும்.